முன்னால் சொல்வதும் பின்னால் சொல்வதும்

கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டித் தருவதாகச் சொல்லும் வழிகள் எத்தனை இருந்தாலும், அவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம். சில வழிகள் முட்டை வெளிவருவதற்கு முன்பே அறிகுறி கொடுக்கும். மற்றவை எல்லாம் முடிந்த பிறகு, ‘ஆமாம், வந்துவிட்டது’ என்று உறுதி சொல்லும். இந்த ஒரு வேறுபாட்டை எனக்குத் திருமணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால், நானும் என் கணவரும் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் எந்தப் பெட்டியை வாங்குவது, போனில் எந்தச் செயலியை இறக்குவது என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திருமணமான முதல் சில வருடங்கள் எங்கள் குடும்ப வாழ்க்கை வார இறுதிகளில்தான் நடந்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் நள்ளிரவு தாண்டி வந்து சேர்வார். ஞாயிறு இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி கிளம்பிவிடுவார். நான் அத்தை மாமாவோடு திண்டுக்கல்லில். இரண்டு பேர் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டிருந்தோம்; வேலையை விட்டுவிட்டுப் போகும் நிலையில் நானும் இல்லை, அவரும் இல்லை. அதனால் ‘எந்த நாள்’ என்ற கேள்விக்குப் பதில் எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. தெரிந்தால் அவர் லீவு போடலாம். தெரியாவிட்டால் அந்த மாதம் சனி, ஞாயிறின் கையில்.

பாடத்தில் நான் வரையும் படம் எனக்கு மனப்பாடம். கரும்பலகையில் கிடைக்கோட்டில் 28 நாட்கள். நடுவில் லூட்டினைசிங் ஹார்மோன் செங்குத்தாக ஏறி இறங்கும் இடம், பதினான்காம் நாள். அங்கே கிராஃபியன் பாலிக்கிள் வெடித்து அண்டம் விடுபடுகிறது என்று எழுதுவேன். பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் என்பதால் மாணவிகள் கவனமாகப் படிப்பார்கள். ஆனால் எனக்கு மாதவிலக்கு வந்தது முப்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை, சில சமயம் நாற்பத்துநாலு நாளுக்கு ஒருமுறை. அந்தப் படம் என் உடம்புக்கு வரைந்தது இல்லை.

அந்தப் படம் யாருடைய உடம்புக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதையும் பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி வாங்கி ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். 1995இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எளிமையானது. முட்டை வெளிவரும் நாளோடு முடிகிற ஆறு நாட்களில் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே கரு தங்கியிருந்தது. வெளிவந்த மறுநாள் என்பது வீண். ஏனென்றால் முட்டை 12 மணியிலிருந்து 24 மணி நேரம் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டைக்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும். அதே குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், அந்த ஆறு நாட்களும் பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் முழுமையாக அடங்கியது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று காட்டினார்கள். மற்ற எல்லோருக்கும் அந்த நாட்கள் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருந்தன. மாதாமாதம் தவறாமல் வருகிறது என்று சொல்லும் பெண்களுக்கும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் நாள் எண்ணுவதிலேயே இரண்டு கணக்கு இருந்தது. டாக்டர்கள் முதல் நாள் என்று சொல்வது ரத்தம் படத் தொடங்கிய நாளை. அத்தை எண்ணுவது தலைக்குக் குளித்த நாளிலிருந்து. இரண்டுக்கும் இடையில் மூன்று நாள் தள்ளிப்போகும். ஆறே நாள் உள்ள ஒரு வாய்ப்பில் மூன்று நாள் என்பது பாதி. இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஸ்கேனுக்கு வரும் பெண்களிடம் நர்ஸ்கள் “குளிச்ச நாள் இல்லம்மா, பட்ட நாள் சொல்லுங்க” என்று திருப்பித் திருப்பிக் கேட்பதும் இதனால்தான். அத்தை இன்னொன்றும் சொல்வார்கள்: இரட்டைப்படை நாளில் சேர்ந்தால் ஆண், ஒற்றைப்படையில் பெண் என்று. வில்காக்ஸின் ஆய்வு அதையும் பார்த்திருக்கிறது. சேர்ந்த நாளுக்கும் பிறந்தது ஆணா பெண்ணா என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. நாளைக் கண்டுபிடிப்பதே மலையாக இருந்த காலத்தில், அதற்குள் ஒரு ஆண் குழந்தைக் கணக்கையும் சுமக்க என்னால் ஆகவில்லை.

முதலில் நாங்கள் பிடித்துக்கொண்டது காலண்டர். இந்தக் கணக்கின் வேர் ஜப்பானில் இருக்கிறது. நிகாட்டா நகரத்தில் மகப்பேறு மருத்துவராக இருந்த கியூசாக்கு ஓகினோ 1924இல், முட்டை வெளிவருவது போன மாதவிலக்கிலிருந்து எண்ணி அல்ல, அடுத்த மாதவிலக்கிலிருந்து 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால் எண்ணி என்று கண்டுபிடித்து எழுதினார். குழந்தையில்லாத பெண்களுக்கு உதவ வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். பிற்காலத்தில் உலகம் அதைக் கர்ப்பத்தைத் தவிர்க்கும் வழியாக மாற்றிக்கொண்டபோது அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓகினோ சொன்னதில் உண்மை உண்டு. முட்டை வெளிவந்த பிறகு உள்ள பகுதி ஓரளவு நிலையானது. அதற்கு முந்தைய பகுதிதான் நீண்டும் சுருங்கியும் போகும். ஆனால் அடுத்த மாதவிலக்கு எப்போது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது வந்த பிறகு பின்னோக்கி எண்ணி, ‘ஓ, போன மாதம் இருபத்தைந்தாம் நாள் வந்திருக்கும் போல’ என்று சொல்லலாம். அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் ஓசூரில் இருந்தார். போன் செயலிகளில் பெரும்பாலானவை செய்வதும் இதே கணக்குத்தான். போன மாதங்களின் சராசரியை எடுத்து வட்டம் போட்டுக் காட்டுகின்றன. மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களுக்கு அது ஒரு தொடக்கம். எனக்கு அது மாதாமாதம் தப்பான நாளில் நம்பிக்கையை ஏற்றிவிட்டுப் போனது.

அடுத்தது உடல் வெப்பம். முட்டை வெளிவந்த பிறகு உருவாகும் கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. அது உடம்பின் வெப்பத்தை அரை டிகிரி பாரன்ஹீட்டோ சற்றுக் கூடுதலாகவோ உயர்த்தும். காலையில் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழாமல், வாய் திறந்து பேசாமல், தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். நான் ஒன்று வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்; அத்தை கண்ணில் பட்டால் காய்ச்சலா என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரவு ஒரு மணிக்கு வரும், மூன்றரைக்கு வரும். சத்தம் கேட்டால் எழுந்து மோட்டார் போட்டு, குடங்களை வரிசையாக நிரப்பி, தொட்டியை மூடிவிட்டு வந்து படுக்க நாலரை ஆகும். ஐந்தரைக்கு மறுபடி எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். இந்த உடம்பில் எந்த வெப்பத்தை அளப்பது? கோடு போட்ட தாளில் நான் வைத்த புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. நன்றாகத் தூங்கிய ஒரு விடுமுறை மாதத்தில் மட்டும் படி ஏறியது தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்திருந்தால்தான் முட்டை வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மூன்றாம் நாளில் முட்டை அழிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வெப்ப அட்டவணையை நான் மதிக்கிறேன். முட்டை வருகிறதா இல்லையா என்றே சந்தேகப்படும் பெண்ணுக்கு அது செலவில்லாத ஒரு சான்று. ஆனால் கணவனுக்கு போன் போட்டு ‘இன்றைக்குக் கிளம்பி வாங்க’ என்று சொல்ல அது உதவாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதலும் வெப்ப அட்டவணை முட்டை வரும் நாளை நம்பகமாக முன்கூட்டிச் சொல்வதில்லை என்று அதைப் பரிந்துரைக்க மறுக்கிறது.

முன்கூட்டிச் சொல்வது என்று நான் முதலில் கையில் எடுத்தது சிறுநீர்ப் பட்டை. மெடிக்கல் ஷாப்பில் ‘ஓவுலேஷன் கிட்’ என்று கேட்டால் தருவார்கள். பல கடைகளில் அது இருக்காது, கர்ப்பப் பரிசோதனைப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள், பெயரைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். நான் கரும்பலகையில் வரைந்த அதே லூட்டினைசிங் ஹார்மோனின் ஏற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. ஏற்றம் சிறுநீரில் தெரிந்ததிலிருந்து பொதுவாக 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவரும். இந்த ஹார்மோன் பெரும்பாலும் விடியற்காலையில் ரத்தத்தில் ஏறத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே சிறுநீருக்கு வருவதால், காலையில் எழுந்தவுடன் போகும் சிறுநீரைவிட பகலில் பார்ப்பதே நல்லது. அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறையக் குடித்தால் நீர்த்துப் போய்க் கோடு வெளிறிவிடும்.

பகல் என்றால் எனக்குப் பள்ளிக்கூடம். மதிய இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியைகள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போடுவேன். கைப்பையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கப். பட்டையை அம்புக்குறிக் கோடு வரை நனைத்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு டிஷ்யூ விரித்துப் படுக்க வைப்பேன். இளஞ்சிவப்பு ஈரம் மெல்ல ஏறும். முதலில் கட்டுப்பாட்டுக் கோடு பளிச்சென்று வரும். அதற்குப் பக்கத்தில் மற்றதைத் தேட வேண்டும். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலாகத் தெரிந்தாலும் அது ‘ஆம்’தான். இதில் அப்படி இல்லை; பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியாக இருந்தால்தான் கணக்கு. செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். வெளியே மணி அடிக்கும். பட்டையை டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டு, அடுத்த வகுப்புக்கு எலும்பு மண்டலம் நடத்தப் போவேன். அந்தக் காலத்தில் உடன் வேலை பார்த்த ஒருத்தி முழுகாமல் இருந்தாள். ஓய்வறையில் அவளுக்கு எல்லோரும் மாங்காய் நறுக்கிக் கொடுப்பார்கள். அவளுடைய வளைகாப்பு அன்றைக்கு நான் தலைவலி என்று லீவு போட்டுவிட்டேன். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வளையல் சத்தத்தில் உட்கார என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பட்டையில் எனக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, எந்த நாளில் தொடங்குவது என்பது. மிகக் குறுகிய சுற்றின் நாட்களிலிருந்து பதினேழைக் கழித்துத் தொடங்கச் சொல்கிறார்கள். 32இல் கழித்தால் பதினைந்தாம் நாள். என் நீண்ட சுற்றில் முட்டை வருவதோ முப்பதை ஒட்டி. நடுவில் இரண்டு வாரம் தினமும் ஒரு பட்டை. ஒரு பெட்டி போதாது. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. ஒரே மாதத்தில் பல நாட்கள் கோடு அடர்த்தியாக வந்தது. ஒரு புதன்கிழமை அவரை வரச் சொன்னேன். லீவு சொல்லி, இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தார். அடுத்த வாரம் மறுபடி அடர்ந்த கோடு. அவரால் மறுபடி லீவு கேட்க முடியவில்லை. போனில் நான் அழுதேன், அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு போன டாக்டரம்மாதான் காரணத்தைச் சொன்னார். எனக்கு நீர்க்கட்டி, பிசிஓடி என்று எல்லோரும் சொல்வது. இந்தப் பிரச்சினை உள்ள பல பெண்களுக்கு லூட்டினைசிங் ஹார்மோன் சாதாரண நாளிலேயே உயர்ந்து இருக்கும். உடம்பு முட்டையை வெளியேற்ற முயன்று, முடியாமல் விட்டு, மறுபடி முயல்வதும் உண்டு. பட்டை ஹார்மோனைத்தான் பார்க்கிறது, முட்டையைப் பார்ப்பதில்லை. ஒழுங்கான சுற்று உள்ளவர்களுக்கு அது நல்ல கருவி. 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், நாற்பது வயதுக்குக் கீழே, முயற்சி தொடங்கி ஒரு வருடம் ஆகாத பெண்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்றே சொல்கிறது. ஆனால் நீர்க்கட்டி இருப்பவள் பட்டையை மட்டும் நம்பி நாள் குறித்தால் என் கதைதான் நடக்கும்.

அதற்கு முன்பு வேறொரு இடத்தில் எனக்கு ‘இருபத்தோராம் நாள் ரத்தப் பரிசோதனை’ எழுதிக் கொடுத்திருந்தார்கள். புரோஜெஸ்ட்ரோன் குறைவு, முட்டையே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இரவை நான் மறக்க மாட்டேன். டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு முப்பத்தெட்டு நாள் சுற்று. இருபத்தோராம் நாள் முட்டை இன்னும் வந்திருக்கவே வந்திருக்காது. அன்னிக்குப் பாத்தா குறைவாத்தான் இருக்கும்” என்றார். அந்தப் பரிசோதனையை அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்னால் செய்ய வேண்டும். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு அது இருபத்தோராம் நாளாக அமைகிறது, அவ்வளவுதான். என் மாணவிகளுக்கு நான் வரையும் படத்திலிருந்து வந்த எண் அது. அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் படத்தை வரைந்த கையோடு, கிடைக்கோட்டின் முன்பாதியை அழித்து நீட்டி இன்னொரு படமும் வரைகிறேன். தேர்வுக்குத் தேவையில்லை. அவர்களில் சிலருக்கு என்றைக்காவது தேவைப்படும்.

கையில் எந்தக் கருவியும் இல்லாமல் முன்கூட்டிச் சொல்லும் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியாது. நம் பக்கத்தில் வெள்ளைப்படுதல் என்றாலே நோய். உடம்பு உருகிவிடும், எலும்பு தேயும் என்று பாட்டிமார் பயமுறுத்துவார்கள். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுப்பார்கள். அதனால் உள்ளாடையில் ஈரம் தெரிந்தால் நான் பார்க்காமல் கழுவிப் போட்டுவிடுவேன். வயதுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். அந்த ஈரம் கருப்பை வாயிலிருந்து வரும் சளி. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற அதன் தன்மை மாறும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1950களில் இதைக் கவனிக்கத் தொடங்கி, அவருடைய மனைவி எவலின் பில்லிங்ஸும் சேர்ந்து ஒரு முறையாகவே வளர்த்தார்கள். மாதவிலக்கு நின்றபின் சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பிசுபிசுப்பாக, வெண்மையாக வரும். பிறகு நீர்த்து, வழவழப்பாகி, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல நிறமில்லாமல் ஆகும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் எடுத்து விரித்தால் அறுந்துபோகாமல் நீளும். விந்தணு நீந்திப் போவதற்கு உடம்பு திறந்துவிடும் வழி அது. மற்ற நாட்களில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். அந்த வழவழப்பின் கடைசி நாளை ஒட்டித்தான் முட்டை வெளிவருகிறது. அரிப்பு, நாற்றம், பச்சை நிறம், தயிர்த் திப்பிபோலக் கட்டிக்கட்டியாக வருவது என்றால் அது தொற்று. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்த அறிகுறி பட்டையைவிட முன்னால் வரும். சிலருக்கு மூன்று நாள், சிலருக்கு நாலைந்து நாள் முன்பே தொடங்கிவிடும். அதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. பட்டையில் கோடு அடர்ந்த பிறகு ஓசூரில் லீவு சொல்லி, பஸ் பிடித்து வருவதற்குள் அந்த 36 மணியில் பெரும்பகுதி போய்விடுகிறது. நீர்ச்சளி தொடங்கிய அன்றே சொன்னால் வியாழன் இரவு கிளம்பி வெள்ளிக்கிழமை லீவைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைத்தது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்தச் சளியும் சில சமயம் வந்து, மறைந்து, மறுபடி வரும். எனக்கும் வந்தது. ஆனால் பட்டையையும் சளியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு டைரியில் குறித்தபோது, இரண்டும் ஒத்துப்போன நாட்கள் தனியாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் காட்டிய நாளில் நான் போன் எடுக்கவில்லை.

ஸ்கேன் பார்த்து முட்டையின் வளர்ச்சியைப் பின்தொடர்வதை நம் ஊரில் ‘ஃபாலிக்குலர் ஸ்டடி’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டரம்மா எனக்கு முட்டை வளர மாத்திரை எழுதிய பிறகு அது தொடங்கியது. பதினோராம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை, அது சட்டப்படி குற்றம் என்ற பலகைக்குக் கீழே டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வயிறு தெரிந்தவர்கள் ஒருபக்கம், என்னைப் போன்றவர்கள் ஒருபக்கம். இது வயிற்றுக்குமேல் பார்ப்பதல்ல, உள்வழி ஸ்கேன். சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், முதல்முறை போகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு வட்டம். டாக்டரம்மா அதன் இரு ஓரங்களிலும் கூட்டல் குறி வைப்பார், எண் வரும். 12 மில்லிமீட்டர். அடுத்தமுறை பதினாறு. நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வளர்கிறது; 18இலிருந்து 24க்குள் வெடிக்கும். வெடித்த பிறகு பார்த்தால் அந்த வட்டம் கசங்கி, கருப்பைக்குப் பின்னால் சிறிது நீர் நிற்கும். “முட்டை வெடிச்சிருச்சும்மா” என்று அவர் சொன்ன அன்றைக்கு, அந்தத் திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. என் உடம்பு அதைச் செய்யும் என்று அதுவரை நான் முழுதாக நம்பியிருக்கவில்லை.

ஸ்கேன் மிகத் துல்லியமானது. முன்னாலும் சொல்லும், பின்னாலும் சொல்லும். ஆனால் காசும் நேரமும் கேட்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அரைநாள் பர்மிஷன். தலைமையாசிரியை முகம் சுளிக்காமல் இருந்தது என் பாக்கியம். சிலருக்கு முட்டை வெடிக்க ஊசியும் போடுவார்கள். போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் வெளிவரும். அந்த ஊசியில் இருப்பது கர்ப்பப் பரிசோதனை தேடும் அதே ஹார்மோன். ஆகவே ஊசி போட்டுப் பத்து நாளுக்குள் ஆர்வத்தில் வீட்டில் பரிசோதனை செய்தால் இரண்டு கோடு வந்து ஏமாற்றும். ஸ்கேன் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

“இந்த ரெண்டு நாளும் ஒண்ணா இருங்க” என்று டாக்டர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த இரண்டு நாளில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த மனிதனுக்கு அன்றைக்கு முடியாமல் போகலாம். எங்களுக்குப் போயிருக்கிறது. ஒருமுறை நான், “இதுக்காகத்தானே வந்தீங்க” என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அந்த வார்த்தை எங்களுக்கு நடுவில் பல வாரம் கிடந்தது. நாள் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் தெரிந்த நாளின் பாரம் எவ்வளவு என்று தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். ஒன்றாக வாழ்கிற தம்பதிக்கு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்த ஆறு நாட்கள் தாமாக உள்ளே வந்துவிடும். எந்தப் பட்டையும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வருட மே மாதம், விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும், நான் ஓசூருக்குப் போய் அவருடைய ஒற்றை அறையில் தங்கினேன். எதையும் குறிக்கவில்லை. மாலையில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் நடப்போம். திருமணமானதிலிருந்து நாங்கள் பேசாத பல விஷயங்களை அந்த மாதம்தான் பேசினோம்.

அதில் ஒன்று அவருடைய பரிசோதனை. டாக்டரம்மா முதல் நாளே எழுதிக் கொடுத்த சீட்டை அவர் பர்ஸிலேயே வைத்திருந்தார். பெண் எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன் தாங்கினாலும், விந்துப் பரிசோதனை பாக்கியிருந்தால் பாதி வைத்தியம்தான் நடக்கிறது. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். கொடுத்தார். எண்ணிக்கை இருந்தது, ஓட்டம் குறைவு. சிகரெட்டை விடச் சொன்னார்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பதில் பொருள் உண்டு. அந்த முடிவை நான் வீட்டில் சொல்லவில்லை. ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று கேட்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்தே கேட்டார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன். ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டு எழுந்த கையோடு அவரே தன் அம்மாவிடம் சொன்னார்: “அம்மா, இது எங்க ரெண்டு பேருக்கும் நடக்குற வைத்தியம். எனக்கும் குறை இருக்கு. இனி அவளத் தனியாக் கேக்காதீங்க.” அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் திருக்கருகாவூர் நெய்க்கு யாரிடமோ சொல்லி அனுப்பினார்கள். அம்பாள் பிரசாதமான அந்த நெய்யை இரண்டு பேருமே சாப்பிட வேண்டும் என்று அவரிடமும் ஒரு கரண்டியை நீட்டினார்கள். சாப்பிட்டார்.

எங்கள் மகள் அதற்கு அடுத்த வருடம் பிறந்தாள். மாத்திரையா, டைரியா, விட்ட சிகரெட்டா, வேண்டுதலா, எது அவளைக் கொண்டுவந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கரு தங்கிய மாதம் பட்டை வாங்கியிருக்கவில்லை. சளியை மட்டும் பார்த்தேன், அவர் ஒருநாள் முன்னதாக வந்தார்.

போன மாதம் என் நாத்தனார் போன் செய்தாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், தாமதமாகத் திருமணமானவள். “எந்தக் கிட் வாங்கலாம் மதினி?” என்றாள். உனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, தவறுவதில்லை என்றாள். “அப்ப பட்டை உனக்கு ஒத்துவரும். பதினோராம் நாளைப் போலத் தொடங்கு. காலையில எழுந்ததும் பாக்காத, மதியத்துக்கு மேல பாரு. கோடு அடர்ந்த அன்னிக்கும் மறுநாளும்” என்றேன். வெள்ளைப்படுவதையும் சொன்னேன், என்னைப் போலவே அவளும் முதலில் பேச்சை மாற்றினாள், பிறகு கேட்டாள். அப்புறம் அவள் வயதை நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம். அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அவளுக்கு முப்பத்தாறு நடக்கிறது. திருமணமாகி எட்டு மாதம். “பட்டை வாங்கு, வேண்டாங்கல. ஆனா இந்த வாரமே டாக்டரைப் பாத்துருங்க, ரெண்டு பேரும்” என்றேன். “அவரும் வரணுமா?” என்றாள். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.